ஒரு செய்தி, பல தளங்கள்: புயல் எச்சரிக்கைத் தமிழில் மொழியகப் பெயர்ப்பு

வங்கக் கடலில் புயல் நெருங்கும் நாள்களில் 'துறைமுகத்தில் 3ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்னும் தொடர் தமிழ்நாட்டு வாசகர்க்கு நெடுங்காலமாகப் பழகிய ஒன்று. பகலில் கம்பத்தில் தொங்கும் கூம்புகளும் உருளைகளும், இரவில் விளக்குகளும் 1 முதல் 11 வரையிலான இவ்வடையாளங்களைக் காட்டுகின்றன. இவை மாலுமிகளுக்காக அமைந்தவை. முதல் இரண்டும் தொலைவில் உள்ள வானிலைக் குலைவைக் குறிப்பன. 3, 4 ஆகியவை துறைமுகத்தையே தாக்கக்கூடியதைக் குறிப்பன. 5, 6, 7 மூன்றும் அபாய அடையாளங்களே. இவற்றுள் வேறுபாடு புயலின் வலிமையில் இல்லை, துறைமுகத்தை எந்தப் பக்கத்தில் விட்டுப் புயல் கடக்கும் என்பதில்தான் உள்ளது. 8, 9, 10 அதே மூன்று நிலைகளைப் பேரபாய அளவில் சுட்டுவன. 11ஆம் எண் புயலையே நேராகக் குறிப்பதன்று. எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

கம்பத்திலிருந்து செய்தித்தாளுக்கு இறங்கியபோது இவ்வடையாளம் எண்ணை மட்டும் உடன்கொண்டு வந்தது; எண்ணுக்குரிய விளக்கம் கம்பத்தடியிலேயே தங்கிவிட்டது. விளைவாக, 5ஐவிட 7 வலிய புயல் என்று பொதுமக்கள் கொண்டனர். எண் வரிசையைக் கண்ட எவரும் அவ்வாறே கொள்வர். செய்தியைச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. கேட்டவரும் தவறாகக் கேட்கவில்லை. தளம் மாறியது, அவ்வளவே.

இன்று ஒரே எச்சரிக்கை சில மணி நேரத்திற்குள் அறிக்கை, குறுஞ்செய்தி, எக்ஸ் பதிவு, முகநூல் பதிவு, இன்ஸ்டாகிராம் படம், வாட்ஸ்அப் முன்னனுப்பல், யூடியூப் தலைப்பு எனப் பல வடிவங்களை எடுக்கிறது. அப்போது தமிழின் இலக்கண அமைப்பில் எவ்வுறுப்புகள் முதலில் உதிர்கின்றன, உதிர்ந்தவற்றுள் எவை செய்தியின் உயிர்நிலைகள் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மொழிக்குள்ளேயே ஒரு கூற்றை வேறு சொற்களில் தருவதையும் ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பின் ஒரு வகையாகக் கொண்டார்; மொழிக்குறியைப் பிற குறிகளாக மாற்றுவதையும் மற்றொரு வகையாகச் சேர்த்தார். தமிழ் மரபுக்கு இது புதிதன்று. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் வைக்கிறது. சுருக்குவதும் மொழிபெயர்ப்பதும் ஓரினச் செயல்கள் என்னும் அப்பார்வை, இன்றைய செய்தி மேசைகளில் மறக்கப்பட்டுள்ளது எனலாம். மொழிபெயர்ப்புக்குத் தேர்ச்சி பெற்றவரை நாடுவோர், சுருக்கும் பணியை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கின்றனர்.

மூலச் செய்தியின் உறுப்புகள்

வானிலை அறிக்கைகளின் வாய்பாட்டைப் பின்பற்றி, எடுத்துக்காட்டுக்காகப் பின்வரும் வாக்கியத்தை அமைத்துக்கொள்ளலாம்: 'நவம்பர் 30 அன்று கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மிகக் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது.'

இதில் அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை. 'ஓரிரு இடங்களில்' என்பது பேச்சுவழக்கின் தளர்ந்த தொடர் போலத் தோன்றினும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கில் வரையறை பெற்ற கலைச்சொல். ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களுள் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பதிவாகும் நிலையே அது. 'ஒருசில இடங்கள்' அரைப் பங்கு வரையிலும், 'அநேக இடங்கள்' முக்கால் பங்கு வரையிலும், 'பெரும்பாலான இடங்கள்' அதற்கு மேலும் செல்லும். 'கனமழை' 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை, 'மிகக் கனமழை' 115.6 முதல் 204.4 மி.மீ. வரை, 'அதி கனமழை' அதற்கும் மேல். 'வாய்ப்புள்ளது' என்னும் முற்று, கூற்றின் உறுதிப்பாட்டை வரையறுக்கிறது.

இடப்பரவல், அளவு, காலம், உறுதிப்பாடு ஆகிய நான்கும் சேர்ந்ததே எச்சரிக்கை. ஒன்று குறைந்தாலும் எஞ்சுவது வேறொரு கூற்று. 'கடலூர், விழுப்புரத்தில் மிகக் கனமழை' என்று சுருக்கும்போது, மாவட்டம் முழுவதும் உறுதியாகப் பெய்யும் என்னும் பொருள் வந்துவிடுகிறது. மறுநாள் மாவட்டத்தின் நான்கில் மூன்று பங்கு வெயில் காயும். அறிக்கை பொய்த்தது என்று மக்கள் பேசுவர். அடுத்த எச்சரிக்கையின் நம்பகத்தன்மை இங்கேதான் குறையத் தொடங்குகிறது.

கலைச்சொல்லாக்கத்திலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'மிக' என்பதும் 'அதி' என்பதும் பொதுத்தமிழில் ஒருபொருட் சொற்களே; ஒன்று தமிழ்ச்சொல், மற்றது வடமொழி முன்னொட்டு. அவற்றிடையே ஏறுவரிசை இருப்பது துறை வழக்கினால் மட்டுமே. அவ்வாறே நிறக் குறியீட்டில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் கவனித்திருத்தல், ஆயத்தமாதல், செயற்படுதல் எனத் தனித்தனிச் செயல்கள் சுட்டப்படுகின்றன. தமிழில் மூன்றுக்கும் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல் வழங்குவதால் வேறுபாட்டின் முழுச் சுமையும் நிறப்பெயரின்மேல் விழுகிறது. நிறப்பெயரை விடுத்து 'கடலூருக்கு எச்சரிக்கை' என எழுதினால் எஞ்சுவது ஏதுமில்லை.

எழுத்தும் அலகும்

குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்துகள் ஏழு பிட்டு அளவின ஆதலால் 160 அடங்கும். தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடின் பதினாறு பிட்டு அலகு பயன்படுவதால் 70 அலகுகளே அடங்கும். அதற்கு மேற்பட்டால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கு 67 அலகு வீதம் செல்லும். செலவும் அதற்கேற்பப் பெருகும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏழு பிட்டு அட்டவணைகள் கைபேசித் தரநிலைகளில் வகுக்கப்பட்டுள்ளன எனினும் அவை பரவலாக வழக்கிற்கு வரவில்லை.

தமிழிலக்கணம் கூறும் எழுத்தும் கணிப்பொறி எண்ணும் அலகும் ஒன்றல்ல. உயிரெழுத்தும் அகர உயிர்மெய்யும் ஓரலகு பெறும். பிற உயிர்மெய்களும் புள்ளி பெற்ற மெய்களும் ஈரலகு பெறும். 'கடலூர்' என்பதில் எழுத்து 4, அலகு 6. 'மாவட்டத்தில்' என்பதில் எழுத்து 7, அலகு 12. மாத்திரைக் கணக்கில் அரையே பெறும் மெய், இங்கே ஒரு மாத்திரை பெறும் 'க'வைக் காட்டிலும் இருமடங்கு இடம் கொள்கிறது என்பது சுவையான முரண்.

மேற்கண்ட மூல வாக்கியத்தை ஒரு மாவட்டத்திற்கென 70 அலகுக்குள் அமைத்தால் இவ்வாறு வரும்: 'கடலூர்: நவ.30 காலை முதல் ஓரிரு இடங்களில் மிகக் கனமழைக்கு வாய்ப்பு.' தமிழ் எழுத்துகள் 33. அவற்றுக்கு 53 அலகு. இடைவெளி, எண், நிறுத்தற்குறிகளுக்கு 13. ஆகமொத்தம் 66. எஞ்சிய நான்கு அலகில் செய்தியின் மூலத்தையோ, மக்கள் செய்ய வேண்டியதையோ கூற இயலாது. ஆயினும் முன்னர்க் கூறிய நான்கு உறுப்புகளும் நின்றுவிட்டன. பெயரடுக்கிய தொடராகி, 'பெய்ய', 'உள்ளது' ஆகிய வினைகள் நீங்கின. இடமில்லை என்பதற்காக 'ஓரிரு இடங்களில்' நீக்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

இடநெருக்கடியின் முதற்பலி பெரும்பாலும் வல்லொற்று. 'மிகக் கனமழை' என்பதில் நடுவில் நிற்கும் 'க்' ஈரலகு கொள்வதால், 'மிக கனமழை' என்று எழுதுவோர்க்கு அது சிக்கனமாகவும் அமைகிறது. பல இடங்களில் இதனால் பொருட்சிதைவு நேராது. நேரும் இடங்களும் உண்டு. 'கடலைப் பார்க்கச் செல்ல வேண்டாம்' என்பதில் ஒற்றை நீக்கினால் கடற்கரைக்குப் போகாதே என்னும் அறிவுரை, நிலக்கடலை விளைந்த கொல்லையைப் பற்றியதாகிவிடும். சிரிப்புக்கு இடமான இவ்வெடுத்துக்காட்டின் பின்னால் ஒரு நெறி உள்ளது: இரண்டாம் வேற்றுமைக்குப்பின் வரும் ஒற்றைக் காத்து, வேறிடங்களில் விட்டுக்கொடுக்கலாம்.

எக்ஸ் தளம் ட்விட்டர் எனப் பெயர் கொண்டிருந்த காலத்தில், 2017 நவம்பரில், 140 என்னும் எல்லையை 280 ஆக உயர்த்தியது. சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றின் எழுத்து இரண்டாக எண்ணப்படுவதால் அம்மொழியினர்க்குப் பழைய எல்லையே நீடிக்கிறது. தமிழ் அலகு ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஆகவே மூல வாக்கியத்தை முழுமையாகத் தந்து, செய்ய வேண்டியதையும் மூலத்தையும் சேர்க்க அங்கு இடம் போதும். இணைப்பு எவ்வளவு நீண்டதாயினும் 23 எனக் கணக்கிடப்படும். எனினும் குறுஞ்செய்திக்கெனச் சுருக்கியதையே அப்படியே எடுத்து அங்கும் இடும் வழக்கம் காணப்படுகிறது. தேவையில்லாத இடத்தில் சுருங்கிய செய்தி அது.

ஹேஷ்டேக் பற்றி ஒரு குறிப்பு. அதனுள் இடைவெளி கூடாது. எனவே 'புயல் எச்சரிக்கை' என்னும் தொடரைச் சேர்த்தெழுத நேரும்போது, புணர்ச்சி விதிப்படி '#புயலெச்சரிக்கை' என்பதா, புணர்த்தாமல் '#புயல்எச்சரிக்கை' என்பதா, அடிக்கோடிட்டு '#புயல்_எச்சரிக்கை' என்பதா என்ற கேள்வி எழுகிறது. மூன்றும் கணிப்பொறிக்கு மூன்று வேறு சொற்கள். ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றவை அகப்படா. '#கனமழை' போலப் புணர்ச்சிச் சிக்கல் அற்ற ஒரு சொல்லைத் தேர்வதே தக்கது.

வார்ப்பும் வேற்றுமையும்

நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளின் வார்ப்புகளை முன்பதிவு செய்ய வேண்டும் என்னும் முறை, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் வகுத்த விதிகளின்வழி நிலைபெற்றது. வாக்கியம் நிலையானது; பெயர், நாள், எண் முதலியன மட்டும் வெற்றிடங்களில் நிரப்பப்படும். ஆங்கிலம் போன்ற மொழிக்கு இம்முறை எளிது. ஊர்ப்பெயருக்கு முன் நிற்கும் இடைச்சொல் எப்பெயர்க்கும் ஒன்றே. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டுவதுடன் பெயரின் வடிவத்தையும் மாற்றுகிறது: கடலூரில், சென்னையில், விழுப்புரத்தில், ஈரோட்டில். உடம்படுமெய், அத்துச் சாரியை, ஒற்றிரட்டல் என ஒவ்வொன்றும் ஒரு விதி. வெற்றிடத்தின் பின்னே 'இல்' என்று அச்சிட்டு வைத்தால் 'விழுப்புரம்இல்', 'ஈரோடுஇல்' எனத் தமிழல்லாதவை பிறக்கும்.

'மாவட்டத்தில்' என்னும் பொதுப்பெயர் இச்சிக்கலைத் தீர்க்கிறது. உருபை அது தாங்கிக்கொள்ள, சிறப்புப்பெயர் எழுவாய் வடிவிலேயே நிற்கலாம். ஆனால் பெயர்கள் இரண்டாயின் 'மாவட்டங்களில்' ஆக வேண்டும்; ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி வார்ப்பு தேவைப்படும். 'கடலூரிலும் விழுப்புரத்திலும்' என்னும் இயல்பான எண்ணும்மை வார்ப்புக்குள் நுழையவே இயலாது. தமிழ் உரைநடையில் 'மற்றும்' பெருகியதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பைக் காரணம் கூறுவர். அது உண்மையே. ஆயினும் இன்றைய பெருக்கத்திற்கு வார்ப்பு இயந்திரமும் துணைக்காரணம் என்பது எண்ணத்தக்கது. எழுவாய் வடிவங்களை இணைப்பதற்கு இயந்திரம் அறிந்த வழி அது ஒன்றே.

முற்று இறுதியில் நிற்கும் மொழி

முகநூலும் இன்ஸ்டாகிராமும் நீண்ட பதிவின் தொடக்க வரிகளை மட்டும் காட்டி, எஞ்சியதை 'மேலும்' என்னும் சொல்லின் பின்னே மறைக்கின்றன. கைபேசித் திரையில் தோன்றும் அறிவிப்பும் அவ்வாறே. இவ்வெட்டு எல்லா மொழிக்கும் பொதுவெனினும் எல்லா மொழியையும் ஒரே இடத்தில் காயப்படுத்துவதில்லை. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கும். காலமும் வினைப்பாங்கும் எதிர்மறையும் அம்முற்றிலேயே உறைகின்றன. ஆகவே வாக்கியத்தின் வாலை வெட்டினால் அதன் மெய்ம்மையே மாறலாம்.

வதந்தி மறுப்பில் இது வெளிப்படையாகத் தெரியும். 'ஏரிக்கரை உடைந்து ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதாகவும், மக்கள் உடனே வெளியேற வேண்டும் எனவும் சமூக ஊடகங்களில் பரவும் செய்தி உண்மையன்று' என்பது இலக்கணப்படி பிழையற்ற வாக்கியம். திரையில் 'வெளியேற வேண்டும்' வரை தெரிந்தால், மறுக்க வந்த பதிவே வதந்தியைப் பரப்பும் பதிவாகிறது. அதுவும் அதிகாரப்பூர்வ முத்திரையுடன். ஆங்கில மூலத்தில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருந்திருக்கக்கூடும். மொழிபெயர்ப்பாளர் தமிழின் இயல்பான சொல்வரிசையைப் பேணியதாலேயே கேடு விளைந்தது என்பது இங்குக் கவனத்திற்குரியது.

'ஏரிக்கரை பாதுகாப்பாக உள்ளது. உடைந்ததாகப் பரவுவது வதந்தி' என்று பிரிப்பதே இதற்கு வழி. முதல் வாக்கியம் குறுகியதாகவும் முற்றுப்பெற்றதாகவும் உடன்பாட்டு வடிவினதாகவும் இருத்தல் வேண்டும். வதந்தியின் உள்ளடக்கத்தைச் செயப்படுபொருள் தொடராக முன்னிறுத்தும் வழக்கம் அச்சு ஊடகத்திற்கு ஏற்றது. அங்கு வாசகர் கண் முற்றுப்புள்ளி வரை செல்லும் என நம்பலாம்.

அளவையிலும் இத்தகைய இழப்பு உண்டு. ஏரியிலிருந்து 'விநாடிக்கு 1,000 கன அடி' உபரிநீர் திறக்கப்படுவதாகக் கூறும் அறிக்கை, '1,000 கன அடி நீர் திறப்பு' என்று சுருங்குகிறது. வீதம் மொத்த அளவாகிவிட்டது. நீரியல் அறிந்தவர் விடுபட்டதைத் தாமே நிரப்பிக்கொள்வர். ஆற்றங்கரையில் குடியிருப்பவர்க்கு அப்பழக்கம் இருக்கும் எனக் கொள்ள இயலாது.

'நாளை' என்பது எந்த நாள்

'இன்று', 'நாளை', 'அடுத்த 3 மணி நேரத்தில்' ஆகியவை சுட்டுத்தன்மை கொண்டவை; கூற்று நிகழ்ந்த நேரத்தை அறிந்தாலன்றி இவற்றுக்குப் பொருள் இல்லை. எக்ஸ், முகநூல் தளங்களில் ஒரு பதிவைப் பகிரும்போது மூலப் பதிவின் நாள் உடன் செல்கிறது. வாட்ஸ்அப்பில் முன்னனுப்பும்போது, பெறுபவர்க்குத் தெரிவது தமக்கு வந்து சேர்ந்த நேரமே. மாலை 4 மணிக்குப் பிறந்த 'அடுத்த 3 மணி நேரத்தில்' நள்ளிரவில் ஒரு குடும்பக் குழுவில் புதிதாகப் பிறக்கிறது. கடந்த ஆண்டின் 'நாளை' இவ்வாண்டும் வருகிறது. 2018 ஜூலையில் இந்தியப் பயனர்க்கு முன்னனுப்பலை ஐந்து உரையாடல்களுக்கு மிகாமல் அத்தளம் வரையறுத்தது. 2020 ஏப்ரலில், பன்முறை முன்னனுப்பப்பட்டவற்றை ஒரு முறைக்கு ஒரே உரையாடலுக்கு என மேலும் இறுக்கியது. இவை பரவும் வேகத்தைத் தடுப்பன. சுட்டின் சிதைவைத் தடுப்பன அல்ல. அதனைத் தடுக்கவல்லவர் எழுதுபவரே. 'நவம்பர் 30, சனி, இரவு 7 மணி வரை' என எழுதியது எவ்வளவு அலைந்தாலும் பழுதாவதில்லை.

வானிலைத் துறைக்கு நாள் என்பதே வேறு. மழையளவின் 24 மணி நேரம் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அறிக்கையின் '30ஆம் தேதி'யை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை எனக் கொள்ளும் வாசகர்க்கும் அறிக்கைக்கும் இடையே எட்டரை மணி நேரம் விலகி நிற்கிறது. அதிகாலைப் பேருந்தைப் பிடிப்பவர்க்கு அது சிறிய வேறுபாடு அன்று.

சுட்டின் மற்றொரு வகை பனுவலுக்குள் செயற்படுவது. 'மேற்கண்ட மாவட்டங்களில்', 'கீழ்க்காணும் எண்களில்' என்பன தாளின் பக்கத்தை மனத்தில் கொண்டு எழுந்தவை. இன்ஸ்டாகிராமின் அடுக்குப் படங்களில் இரண்டாம் படம் தனியே பகிரப்படும்போது 'மேற்கண்ட' என்பதற்கு மேலே எதுவும் இல்லை. ஒவ்வொரு படமும் தனக்குத்தானே முழுமையாக இருத்தல் வேண்டும்; கூறியது கூறல் அங்குக் குற்றமாகாது. படத்தில் வரைந்த எழுத்து, மாற்றுவிளக்கம் எழுதப்படாவிடில், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு வெறும் படமே என்பதும் சேர்த்து நினைக்கத்தக்கது.

நடையும் ஏவலும்

சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டதும் 1959இலேயே. உயர்வழக்கு எழுத்துக்கும் தாழ்வழக்கு பேச்சுக்கும் எனப் பிரிந்து நின்ற நிலையைச் சமூக ஊடகம் தளவாரியாகக் கலைத்துவிட்டது. குறுஞ்செய்தி அறிக்கை நடையையும், எக்ஸ் செய்தித் தலைப்பின் பெயரடுக்கு நடையையும், முகநூல் கலப்பு நடையையும், வாட்ஸ்அப் குரற்பதிவு முழுப் பேச்சுவழக்கையும் கொள்கின்றன. கரையோர மக்களில் பலரைச் சென்றடைவது இறுதியிற் கூறிய குரற்பதிவே. எனவே பேச்சுவழக்காக்கம் தரக்குறைவான பணி அன்று. மிகக் கடினமான பணி.

கடினம் எங்குள்ளது என்பதற்கு ஓரிரு சான்றுகள். 'ஓரிரு இடங்களில்' என்பதைப் பேச்சில் 'அங்கங்க' என்று சொல்லுவது இயல்பு. ஆனால் 'அங்கங்க' பரவலைக் குறிப்பது. 'ஓரிரு' அருமையைக் குறிப்பது. 'ஒண்ணு ரெண்டு இடத்துல' என்பதே நெருங்கி வருகிறது. 'மிகக் கனமழை', 'அதி கனமழை' இரண்டும் 'ரொம்பப் பெரிய மழை' என ஒன்றாகிவிடும். '20 சென்டிமீட்டருக்கு மேல' என்று எண்ணைச் சொன்னாலன்றி வேறுபாடு மீளாது. 'வாய்ப்புள்ளது' என்பதற்கு 'பெய்யும்' என்றால் உறுதியாகிறது. 'பெய்யுமாம்' என்றால் கேள்விச் செய்தியாகிறது. 'ஆம்' என்னும் ஒட்டு, கூறுபவர் தம் பொறுப்பைத் துறக்கும் உத்தி. எச்சரிக்கை விடுப்பவர் அதனைப் பயன்படுத்துவது தம் கையொப்பத்தைத் தாமே அழிப்பதற்கு ஒப்பாகும். 'பெய்யலாம்' என்பதே பேச்சிலும் எழுத்திலும் ஒத்து நிற்கும் வடிவம்.

அதே 'லாம்' மக்களை எழுவாயாகக் கொள்ளும்போது இசைவுப் பொருளைத் தருகிறது: 'மீனவர்கள் செல்லலாம்'. இசைவின் மறுதலையைக் கூறத் தமிழில் குறைந்தது மூன்று வடிவங்கள் உண்டு. 'செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்பது அறிக்கை நடை. அறிவுறுத்துபவர் யார் என்பது மறைந்து நிற்கும். 'செல்ல வேண்டாம்' என்பதில் தடையும் உண்டு, 'தேவையில்லை' என்னும் சாயலும் உண்டு. 'செல்லக் கூடாது' ஐயத்திற்கு இடமற்ற தடை. கடுமையாக ஒலிக்கும் என்று அஞ்சி இறுதி வடிவத்தைத் தவிர்ப்பவர்கள், மரியாதையை வினையில் தேடாமல் விளியில் தேடலாம். 'மீனவ நண்பர்களே' என்று தொடங்கிய பின் 'கூடாது' என்பது எவரையும் புண்படுத்துவதில்லை.

தலைப்பும் கவனக் குவிப்பும்

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துரு வரை இடமுண்டு. முன்படத்தோடு சேர்ந்து கண்ணைப் பறிக்க வேண்டிய கட்டாயமும் உண்டு. 'சென்னையை நோக்கி வருகிறதா புயல்?' என்னும் வகை அங்கு மலிந்துள்ளது. வினா ஒட்டாகிய 'ஆ' கூற்றின் பொறுப்பைக் கைவிட்டு அச்சத்தை மட்டும் கைக்கொள்கிறது. இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

கவனக் குவிப்பின் பிழை இதனினும் நுட்பமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையில், பாபட்லா அருகே, 5ஆம் தேதி கரையைக் கடந்தது. சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்திய மழை பெய்ததோ 3, 4 ஆகிய தேதிகளில். 'புயல் ஆந்திராவில் கரையைக் கடக்கும்' என்னும் தலைப்பு ஒவ்வொரு சொல்லிலும் உண்மை. சென்னை வாசகர்க்கு அது தரும் ஆறுதல் பொய். புயலின் வாழ்வில் கரைகடத்தல் முடிவு நிகழ்ச்சி ஆதலால் அறிக்கை அதனை முதன்மையாக்குகிறது. ஒரு நகரத்திற்கென எழுதும் பதிவு புயலை எழுவாயாகக் கொள்ளாமல் அந்நகரத்தை எழுவாயாகக் கொள்ள வேண்டும்: 'சென்னையில் 3, 4 தேதிகளில் மிகக் கனமழைக்கு வாய்ப்பு, புயல் பின்னர் ஆந்திரக் கரையைக் கடக்கும்.' உண்மைகள் அவையே. வரிசை மட்டும் மாறியது.

திசைச் சொற்களும் சுருக்கத்தில் தடுமாறுவன. 'வடமேற்குக் காற்று' வடமேற்கிலிருந்து வருவது. 'வடமேற்குத் திசையில் நகரும் புயல்' வடமேற்கை நோக்கிச் செல்வது. இரண்டும் 'வடமேற்கு' எனச் சுருங்கினால் எதிரெதிர்த் திசைகள் ஒன்றாகின்றன. கடலோர வழக்கில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுகளுக்குத் தனிப்பெயர்கள் உள்ளன. அவை காற்றை மட்டுமே குறிப்பதால் இக்குழப்பத்திற்கு இடம் தருவதில்லை. ஆயின் ஒரே பெயர் கடற்கரைக்குக் கடற்கரை வேறு திசையைக் குறிப்பதுண்டு. மாநிலம் முழுவதற்குமான அறிக்கையில் இவற்றைப் புகுத்த இயலாது. ஒரு துறைக்குரிய வாட்ஸ்அப் குழுவில் இவையே தக்கவை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் விரைந்து வலுப்பெற்றபோது, பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலரை எச்சரிக்கை எட்டவில்லை. கைபேசி அலைகளின் எல்லைக்கு அப்பால் மேற்கூறிய தளங்கள் எவையும் இல்லை. 2019இல் அறிமுகமான ஜெமினி என்னும் கருவி, செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைபேசிச் செயலிக்கு அளிக்கிறது. செயலி அதனை வட்டார மொழிகளில் காட்டுகிறது. வார்ப்பும் வெற்றிடமும் வேற்றுமையுருபும் பற்றிய கேள்விகள் படகின் தளத்தில் மீண்டும் எழுகின்றன. கருவி பெறுவதற்கு மட்டுமே உரியது. திசைச்சொல் ஒன்று ஐயத்தை எழுப்பினாலும் அவ்வழியே திருப்பிக் கேட்க முடியாது.